துரைக்கு ஒரு புகை டிரம்

டிரம்முக்குள் தலையை விட்டு மோந்து பார்த்த குலசிங்கம், விட்டதைவிட வேகமாக வெளியே எடுத்தார்.

"எஞ்சின் எண்ணெய் மணக்குது, அம்மாசி."

"எண்ணெ டிரம்முல எண்ணெதாங்க மணக்கும், கிராணி ஐயா."

"இதுக்குள்ளை வாட்டின இறைச்சியை வெள்ளைக்காரன் வாயிலை வைப்பானோ?"

அம்மாசி யோசித்தான். பினாங்குக்கு வடக்கே செமிலிங் பக்கத்து அந்தத் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகைபோடும் புகைவீட்டில் அடுப்பு பார்க்கிறவன் அவன். புகை சம்பந்தப்பட்ட எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் இருக்கும். சரியான பதிலா என்பது வேறு விஷயம்.

குலசிங்கம் அதே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த நாள் முதல், வழியில் முட்டை ஓடு கிடந்தால்கூட மிதிக்காமல் தாண்டிப் போகிறவர். அப்படிப்பட்டவர் பன்றித்தொடை வாட்ட டிரம் செய்யும்படி ஆனதற்குக் காரணம் அவருடைய வாய்தான்.

பெரிய கிராணி பென்சனில் ஊருக்குப் போகப் போகிறார். அந்த நாற்காலி காலியாகிறது. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஆபீசுக்குள் வந்தார். தோட்டத்தைப் பார்வையிட புதிதாக ஒரு கம்பெனி துரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறாராம். அவருக்கென்று பினாங்கிலிருந்து வரவழைத்த புகைபோட்ட பன்றித்தொடை ரயிலிலேயே கெட்டுப்போய்விட்டதாம். துரையே காட்டுப்பன்றி ஒன்றைச் சுட்டு, தொடையை உப்பில் ஊறப்போட்டிருக்கிறார். அதை வாட்ட ஒரு புகை டிரம் வேண்டும். அதெல்லாம் இங்கே யாருக்குத் தெரியும்?

"எனக்குத் தெரியும், சார்," என்றார் குலசிங்கம்.

என்ன சொன்னோம் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது.

"நெருப்பு வெச்சு உள்ளாற எரிச்சுட்டா வாசம் போயிருமுங்க," என்றான் அம்மாசி, யோசித்து முடித்து.

காய்ந்த சருகை டிரம் நிறையத் திணித்தார்கள். மூடியை இறுக்கி மூடினார்கள். பக்கத்து ஓட்டை வழியாகக் கொள்ளியைச் செருகினார்கள். மூடியை எதற்காக மூடினீர்கள் என்று பின்னால் துரை கேட்டபோது குலசிங்கம் அம்மாசியைக் காட்டினார், அம்மாசி குலசிங்கத்தைக் காட்டினான்.

வெடித்த சத்தம் பக்கத்து ஊர் மெர்போக் வரைக்கும் கேட்டதாகப் பேசிக்கொண்டார்கள். மூடி ரப்பர் மரங்களுக்கு மேலாகப் பறந்து, துரை பங்களாவின் ரோஜாப் பாத்திக்குள் இறங்கியது. எடுத்துக்கொண்டு வந்தபோது பொரித்த அப்பளம்போல வளைந்திருந்தது.

அம்மாசி டிரம்முக்குள் தலையை விட்டு மோந்தான்.

"எண்ணெ வாசம் போயிருச்சுங்க!"

அவனுடைய புருவங்களும் போயிருந்தன.

இனி மூடிக்கு எங்கே போவது? குலசிங்கத்துக்கு வீட்டுக் குசினி நினைவுக்கு வந்தது. அங்கே, மனைவி கமலாம்பிகை ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய இரும்புத் தாச்சி, அதாவது எண்ணெய்ச் சட்டி, ஒன்று இருக்கிறது. கல்யாண வீட்டு வடைக்கெல்லாம் அதைத்தான் இரவல் கேட்டு வருவார்கள். டிரம்மின் வாயை மூடுவதற்கென்றே வார்த்ததுபோல அகலம்.

எடுத்துக்கொண்டு நழுவும்போது வாசலில் பிடிபட்டார்.

"இஞ்சருங்கோ, தாச்சியை எங்கை கொண்டு போறியள்?"

"ஆபீசுக்கு."

"ஆபீசிலை இருந்து வடையோ சுடப்போறியள்?"

"கம்பெனி துரை வாறார். பெரிய இடத்து அலுவல். உமக்கு விளங்காது."

கமலாம்பிகை இடுப்பில் கையை வைத்தாள். "நீங்கள் பண்டி வாட்டப்போறதாய் லயத்திலை கதைக்கினம். உண்மையோ?"

"நான் டிரம்தான் செய்யிறன். பண்டி அவையின்ரை பண்டி."

"ஆற்றையெண்டாலும் இருக்கட்டும். ஒரு துண்டு உங்கடை வாயிலை பட்டுது எண்டு கேள்விப்பட்டன், பிறகு இந்த வீட்டிலை நான் இருக்கமாட்டன். சொல்லிப்போட்டன்."

"முருகன் மேலை ஆணை! நான் தின்னுவனோ?" என்று சொல்லிவிட்டுத் தாச்சியோடு இறங்கி ஓடினார்.

தாச்சி கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதுதான் கோளாறு. காற்றுப் போக வழியில்லாமல் உள்ளே நெருப்பு அணைந்து அணைந்து போயிற்று.

"மூச்சு முட்டுதுங்க அதுக்கு," என்றான் அம்மாசி. உளியை எடுத்து அடிப்பக்கம் சுற்றிலும் ஒரு வரிசை துளை போட்டான். போதவில்லை. அதற்கு மேலே இன்னொரு வரிசை. கை பழகிவிட்டது. குலசிங்கம் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் டிரம் இடியப்ப உரலின் அடித்தட்டுமாதிரி ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் மலைப்பக்கமிருந்து காற்று வீசியது. டிரம் ஊத ஆரம்பித்தது.

சாதாரண ஊதல் இல்லை. வேலை முடிந்தது என்று தோட்டத்தில் தினமும் ஊதும் சங்கு இருக்கிறதே, அச்சு அசல் அதே சத்தம். ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் உளியை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்றைக்கு என்ன சீக்கிரம் ஊதிவிட்டார்கள் என்று சந்தோஷமாக வீடு திரும்பினார்கள். கோப்பைகளில் பால் அப்படியே நின்றது.

துரை சிவந்த முகத்தோடு வந்து நின்றார். அவர் பேசுவது தோட்டத்துத் தமிழ்.

"கிராணி! ஏன் ஆளெல்லாம் வீட்டுக்குப் போறான்? சங்கு யார் ஊதினான்?"

"டிரம், சார்."

துரை டிரம்மைப் பார்த்தார். டிரம் துரையைப் பார்த்து இன்னொரு முறை ஊதியது.

"ஞாயித்துக்கிழமை கறி வரணும். வரலேன்னா பெரிய கிராணி வேலை உனக்கு இல்லே," என்று சொல்லிவிட்டுத் துரை, போனவர்களைத் திருப்பி அனுப்பப் போனார்.

துளைகளைக் களிமண்ணால் அடைத்தார்கள். அடைத்ததும் பழையபடி மூச்சு முட்டியது. அதற்கு அம்மாசி, கழித்துப்போட்ட எஞ்சினிலிருந்து நீளமான புகைக்குழாய் ஒன்றைக் கழற்றிவந்து டிரம்மின் தோளில் பொருத்தினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் துரை வீட்டிலிருந்து தொடை வந்தது. உள்ளே தொங்கவிட்டு, புகைவீட்டு விறகை அடுக்கிப் பற்றவைத்தார்கள்.

குழாய் இழுத்தது. அப்படி ஓர் இழுவையைக் குலசிங்கம் பிறை ஸ்டேஷனில் ரயில் எஞ்சினில்தான் பார்த்திருக்கிறார். முதலில் புகை வந்தது. பிறகு பொறி வந்தது. பிறகு குழாயின் உச்சியில் தீ நாக்கை நீட்டியது. தண்ணீரை ஊற்றித் தாச்சியைத் தள்ளிப் பார்த்தபோது, கொக்கியில் கறுப்பாக என்னவோ தொங்கியது. அம்மாசி தொட்டான். பொலபொலவென்று உதிர்ந்தது.

"கறி கரியாப் போச்சுங்க ஐயா."

குலசிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிய கிராணி நாற்காலி அவர் கண்ணெதிரே நடந்து போயிற்று.

"இனிப் பண்டிக்கு எங்கையடாப்பா போறது?"

அம்மாசி புகைவீட்டுக்குப் பின்னால் பார்த்தான். அங்கே ஒரு பலாமரம் நின்றது. மரம் முழுக்கப் பிஞ்சு.

"ஐயா, பலாப்பிஞ்ச அவிச்சு, உப்பு மொளகு தடவிப் பொகைல போட்டா நாரு நாரா வருமுங்க. தின்னுப் பார்த்தாக்கூடத் தெரியாது. தொரமாருக்கு எங்க தெரியப்போவுது?"

வேறு வழி இல்லை. அவசர அவசரமாக அவித்தார்கள். துண்டு போட்டார்கள். டிரம்மையும் தாச்சியையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான், புதிய கம்பிவலை ஒன்றின்மேல் துண்டுகளைப் பரப்ப விட்டார் குலசிங்கம். பண்டி வெந்த இடத்தில் பிலாக்காயை வைப்பது அந்தப் பிலாக்காய்க்குச் செய்கிற பாவம் என்றார். குழாயின் வாயில் சாக்கைத் திணித்ததும் இழுவை அடங்கியது. தாச்சியின் ஓரமெல்லாம் மெல்லிய நீலப்புகை கசிந்தது. அன்றைக்குத்தான் அந்த டிரம் முதல் தடவையாகச் சொன்னபடி கேட்டது.

கம்பெனி துரை நெட்டையாக, ஒல்லியாக, அதிகம் பேசாதவராக இருந்தார். பங்களா வராந்தாவில் மேசை போட்டிருந்தது. குலசிங்கம் வெள்ளை உடுப்பில், தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். துண்டுகள் வெளியே கருஞ்சிவப்பாகவும் உள்ளே நார் நாராகவும் இருந்தன. மணம் வராந்தாவை நிறைத்தது. கம்பெனி துரை மூக்கை உயர்த்தி ஆவலோடு எட்டிப் பார்த்தார்.

"காட்டுப்பன்றி, சார்!" என்று ஆங்கிலத்தில் அறிவித்தார் குலசிங்கம்.

கம்பெனி துரை வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

மனுஷன் கண்டுபிடித்துவிட்டானோ? பொய்யை இன்னும் கொஞ்சம் பலமாக ஊன்றினால்தான் நிற்கும் என்று குலசிங்கத்துக்குத் தோன்றியது.

"சுத்தமான பன்றி, சார்! நல்ல கொழுப்பு! நம் துரையே சுட்டது!"

கம்பெனி துரை நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

நம் துரை ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். "பிரமாதம்! இளம் பன்றி! சுடும்போதே தெரிஞ்சுது!" என்றார். விருந்தாளி அப்போதும் கை வைக்கவில்லை. துரையின் முகம் மாறியது. குலசிங்கத்தின் பக்கம் சாய்ந்து தமிழில் உறுமினார்.

"உன் டிரம் அழுக்குன்னு அவர் நினைக்கிறார். நீ சாப்பிடு. அவர் முன்னாலே சாப்பிடு."

குலசிங்கம் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். காலையிலிருந்து பட்டினி. துண்டும் சும்மா சொல்லக்கூடாது, அமிர்தமாக இருந்தது. துரை தலையசைத்ததும் இரண்டாவதையும் எடுத்தார். மூன்றாவதுக்கு யாரும் சொல்லவில்லை.

"ஐயோ, முருகா!"

படிக்கட்டின் கீழே கமலாம்பிகை நின்றாள். தாச்சியைத் தேடி வந்தவள்.

"பண்டியை என்ன ருசியாய்ச் சப்பிச் சப்பித் தின்னுறார், பாருங்கோ!"

உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் தமிழ் தெரிந்த துரை பக்கத்திலேயே நின்றார். குலசிங்கம் கண்ணாலேயே ஜாடை காட்டினார். வாய் நிறையத் துண்டோடு கண்ணை உருட்டியதை, ருசியில் சொக்குகிறார் என்று எடுத்துக்கொண்டாள் கமலாம்பிகை.

"நான் சுங்கைப்பட்டாணிக்கு அண்ணை வீட்டை போறன். தாச்சியையும் நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு அது இனி வேண்டாம்!"

அவள் போனாள். கம்பெனி துரை ரொட்டியும் ஒரு வாழைப்பழமும் தின்றுவிட்டு, இருட்டுமுன் போய்ச் சேரவேண்டும் என்று எழுந்தார். நம் துரை குலசிங்கத்தைப் பார்த்த பார்வையில் நாற்காலி இல்லை. இருக்கிற முக்காலியும் சந்தேகமாக இருந்தது.

துரைமார் வராந்தாவில் கைகுலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், குலசிங்கம் பின்பக்கமாகச் சுற்றிக் கார் நின்ற இடத்துக்கு ஓடினார். கம்பெனி துரையின் டிரைவர் பழனியாண்டி மரநிழலில் உட்கார்ந்து, அம்மாசி உண்மையைச் சொல்லி வாழையிலையில் வைத்துக் கொடுத்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, உம்மடை துரைக்கு என்னிலை என்ன கோவம்? என்ரை வேலையும் போகப்போகுது, மனிசியும் போயிட்டாள். அவர் ஒரு துண்டெண்டாலும் வாயிலை வைச்சிருக்கலாமே!"

பழனியாண்டி விரலை நக்கிக்கொண்டே நிமிர்ந்தான்.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஐயா. எங்க தொர சுத்த சைவம்லா, கறின்னு பேரக் கேட்டாலே எந்திரிச்சுருவாரு. இந்தப் பலாக்காய்னாத்தான் அவருக்கு உசுரு."