அந்தமான் வீடியோ குறித்து மச்சானுக்கு என் தரப்பு விளக்கம்

காவாந்தண்டலம்,
ஞாயிறு, நாஷ்டா வேளை (நாஷ்டா இல்லை)

மாகறலில் சீரும் சிறப்புமாய் வாழும் என் மூத்த மச்சான் வரதன் அவர்களின் மேலான பார்வைக்கு, தங்கள் தங்கை புருஷன் ராஜாராம் அடக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் மாடும் கன்றும் ஒருமாதிரி சுகம். அங்கே தாங்கள், அக்கா, பேரப்பிள்ளைகள், மற்றும் வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறி வந்து தங்கியிருக்கும் என் மனைவி தாயாரம்மாள் ஆகிய அனைவரின் சுகத்தையும் அறிய ஆவல். போனில் பேசலாமே என்பீர்கள். அவள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாள். தங்களுக்குப் போட்டால் காது மந்தம் என்று ஸ்பீக்கரில் போடுகிறீர்கள், பக்கத்திலிருந்தே அவள், ராங் நம்பர் என்று சொல்லி வைக்கச் சொல்கிறாள். ஆகவே பால் வண்டி ஜான்சன் மூலமாக இந்தக் கடிதம்.

அவளை நீங்கள் நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு பெரிய கடிதம். அவள் கிளம்பியதற்குக் காரணம் நாலு நிமிஷ வீடியோ ஒன்று. நீங்களும் பார்த்திருப்பீர்கள், மாகறலில் பாதி பேர் பார்த்திருப்பார்கள். அதில் நான் கட்டின மனைவியைக் கடலுக்கு அடியில் விட்டுவிட்டு ஓடுவது மாதிரி தெரிகிறது. தெரிகிறது என்றுதான் சொல்கிறேன். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எனக்கு அறுபது முடிந்ததற்காக மகள் இளவரசியும் மாப்பிள்ளை அரவிந்தனும் எங்களை அந்தமானுக்கு அழைத்துப் போனது உங்களுக்குத் தெரியும். முதல் நாளே வாழைப்பழப் படகு என்று ஒன்றில் ஏற்றினார்கள். படகு என்று பேர்தானே தவிர அது மஞ்சள் நிறத்தில் நீளமாய்க் காற்றடைத்த ஒரு ரப்பர் மூட்டை. அதன்மேல் நாலு பேரையும் வரிசையாய் உட்கார வைத்து, முன்னால் மோட்டார் படகு கட்டி இழுத்தவன், நடுக்கடலில் சரக்கென்று ஒரு திருப்புத் திருப்பினான் பாருங்கள், நாலு பேரும் தண்ணியில். சட்டைமேல் கட்டியிருந்த மிதவையால்தான் நான் இன்று இந்தக் கடிதம் எழுதுகிறேன். கரைக்கு வந்ததும் அந்த ஆளைப் பிடித்து லைசென்ஸைக் காட்டச் சொன்னேன். தென்னேரி ஏரியில் லாரி ட்யூபில் போகிறவன்கூட இப்படிக் கவிழ்க்க மாட்டான் என்று சத்தம் போட்டேன். மாப்பிள்ளை என்னை ஓரமாய்த் தள்ளிக்கொண்டு போய், கவிழ்ப்பதுதான் மாமா அதில் விசேஷமே, அதற்குத்தான் டிக்கெட் என்றார். உங்கள் தங்கை ஈரத் தலையைப் பிழிந்துகொண்டே இன்னொரு வாட்டி போலாமா என்று கேட்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் அடியில் கண்ணாடி பதித்த படகு. காலுக்குக் கீழே தண்ணி தெரிந்ததும் ஓட்டைப் படகு என்று நினைத்து இரண்டு காலையும் பெஞ்சுமேல் தூக்கி வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் அப்படியே இருந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதை விடுங்கள்.

மூன்றாம் நாள்தான் வினை. கடல் நடை என்று ஒன்று. தலையில் அண்டா கவிழ்த்த மாதிரி கண்ணாடி வைத்த கவசம் ஒன்றை மாட்டி, அதற்குள் குழாய் வழியாகக் காற்று விட்டு, ஏணியில் இருபது அடி கீழே இறக்கிக் கடல் தரையில் நடக்க விடுகிறார்கள். தலைமுடிகூட நனையாது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் சாம்சன் என்பவர், அவருடைய தாத்தா செங்கல்பட்டுப் பக்கமாம், நல்ல தமிழ். அவர் சொன்னது ஒரே ஒரு விதி. "எது வேணா பண்ணுங்க, குனியாதீங்க. குனிஞ்சா காத்து வெளியே போயி உள்ளே தண்ணி ஏறிடும்." இதை யாரிடம் சொல்கிறார் பாருங்கள் மச்சான். பதினாலு வயசிலிருந்து நடவு நட்டவளிடம். காவாந்தண்டலத்தில் அவள் கை படாத கழனி உண்டா? நடவு மிஷின் வந்த பிறகும், மிஷின் விட்டுப்போன மூலைக்கு அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அவள் கால் சேற்றில் பட்டால் இடுப்பு தானாக வளையும். அன்றைக்கும் மகளுடைய பேண்ட்டைப் போட்டு, அதன்மேல் புடவையை நடவுக்குச் சொருகுகிற மாதிரியே தூக்கிச் சொருகிக்கொண்டு நின்றாள். நான் சாம்சனிடம், இவள் குனிவாள் என்று முன்கூட்டியே எச்சரித்தேன். அவர் சிரித்தார்.

மகள் கரையிலேயே நின்றுகொண்டாள், மாப்பிள்ளை படகில் இருந்தார், நாங்கள் இருவரும் சாம்சனோடு கீழே போனோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். தரையெல்லாம் மணலும் சேறும், அதில் பச்சைப் பசேலென்று கடல்புல். ஒரு பக்கம் அடர்த்தி, பக்கத்திலேயே ஒரு பாய் விரிக்கிற அளவுக்குச் சொட்டை. அவ்வளவுதான். உங்கள் தங்கை கம்பியை விட்டாள், குனிந்தாள், அடர்ந்த இடத்தில் ஒரு பிடி பிடுங்கினாள், சொட்டையில் நட ஆரம்பித்துவிட்டாள். நட்டுக்கொண்டே ஒவ்வொரு அடியாய்ப் பின்னால் வேறு நகர்ந்தாள். கவசத்துக்குள் தண்ணி மோவாய்க்கு வந்தது, வாய்க்கு வந்தது, மூக்குக்குக் கீழே வந்து நின்றது. அவள் கை நிற்கவில்லை. அதைக் கண்ணால் கண்ட அந்த நொடியில்தான் நான் ஏணிக்குப் போனேன். மேலே போய் யாராவது சொல்ல வேண்டாமா? அங்கே வாய் திறந்து பேச முடியாது. அதற்குள் சாம்சன் வந்து அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தியிருக்கிறார், நிமிர்ந்ததும் காற்று தண்ணியைக் கீழே தள்ளிவிட்டதாம். இங்கே எதையும் தொடக்கூடாது, சட்டம் என்று அவர் கையை ஆட்டி அதட்ட, இவள் மிச்சப் பிடியைக் காட்டி, இதை மட்டும் நட்டுட்டு வந்துடறேன் என்று சைகை காட்டியிருக்கிறாள். நான் மேலே நின்று உதவி கேட்டுக் கத்தியதற்குப் படகிலிருந்த பதினோரு பேர் சாட்சி. அவர்களில் பத்துப் பேருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த மாப்பிள்ளை வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

ஊருக்கு வந்த பிறகு பத்து நாள் எனக்கு ராஜ உபசாரம். நடவுக்குக் கூட வருகிற பெண்களிடமெல்லாம், "எங்க வூட்டுக்காரரு இல்லன்னா நான் அன்னிக்கே போய்ச் சேந்திருப்பேன். மேல ஓடிப் போயி ஆளக் கூட்டாந்தாரு" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனாள். அவள் சந்தோஷமாக இருக்கும்போது குறுக்கே பேசுவானேன் என்று நானும் சும்மா இருந்தேன். வியாழக்கிழமை இளவரசி, சாம்சனின் ஆட்கள் கடலுக்கு அடியில் எடுத்துக் கொடுத்த அந்த வீடியோவை அனுப்பித் தொலைத்தாள். அவளோடு நடவுக்கு வருகிற கங்கம்மாள் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிப் பார்த்தார்களாம். வீட்டுக்கு வந்தாள். எனக்குச் சோறு போட்டாள். விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு, "மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை மச்சான்.

அந்த வீடியோவில் நான் ஏணி ஏறுவது முன்னாலும், அவள் குனிவது பின்னாலும் வருகிறது. ஒட்டினவர்கள் மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம். இப்போது ஏ.ஐ. என்று ஒன்று வந்து, இல்லாத யானையைக்கூடத் தெருவில் நடக்க விடுகிறதாம். என்னை ஒரு ஏணியில் ஏற்றுவதா அதற்குப் பெரிய வேலை? இதை நீங்கள் அவளுக்குப் பக்குவமாய் எடுத்துச் சொல்ல வேண்டும். இங்கே மூணு நாளாக் கஞ்சிதான். அதுவும் அடி புடிச்ச கஞ்சி. மாடு என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கினு நிக்குது. கங்கம்மா எதிர்ல வந்தா சிரிச்சிக்கினே போவுது. வூட்டுக்குள்ள போனா ஒரே பேஜாரா கீது மச்சான்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். மாகறலீஸ்வரர் உங்கள் குடும்பத்தை நோய் நொடி இல்லாமல், வழக்கு வம்பு இல்லாமல், வீடியோ இல்லாமல் காத்து ரட்சிக்கட்டும்.

இப்படிக்கு,
குற்றமற்ற
கா. ராஜாராம்

பி.கு.: இத ஜான்சன் கைல குடுத்துட்டு, வண்டி கிளம்பறதுக்குள்ள திருப்பி வாங்கி எழுதறேன். மேல இருக்கறத அவகிட்டப் படிக்காதீங்க, கிழிச்சிப் போட்டுடுங்க. வீடியோவுல வெட்டும் இல்ல, ஒட்டும் இல்ல. அவ குனியறதுக்கு முன்னாடியே நான் ஏணில கீறேன். ஒரு மீன் வந்துச்சு மச்சான், என் முழங்கை நீளம், கண்ணாடிகிட்ட வந்து என் மூஞ்சியவே பாத்துக்கினு நின்னுச்சு. மேல போயி நான் கத்தினது "மீனு, மீனு"ன்னுதான். மாப்பிள்ளைக்குத் தெரியும், மரியாதைக்காகச் சொல்லாம கீறாரு. அவளுக்கு மூக்கு வரைக்கும் தண்ணி ஏறினதே சாம்சன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதக்கூட வுடுங்க. வீடியோவுல கடைசியா ஒண்ணு வருது, நீங்க பாத்தீங்களோ இன்னாவோ. சாம்சன் நிமித்தி வுட்டதும், தான் நட்டதக் காட்டறதுக்காக அவ என் பக்கம் திரும்புறா, சிரிச்சிக்கினே. அங்க நான் இல்ல. இந்தாண்ட பாக்கறா, அந்தாண்ட பாக்கறா. அப்பறம் நீட்டின கைய இறக்கிட்டா. ரெண்டு நாளா அத மட்டும்தான் பாத்துக்கினு கீறேன். நாளைக்கு மொத பஸ்ல நானே வரேன். அவ கதவத் தொறக்கலன்னாலும் பரவால்ல, உங்க வூட்டு வாசல்ல நின்னுக்கினு இருப்பேன். எம்மா நேரம் ஆனாலும் போவ மாட்டேன்னு அவகிட்ட சொல்லுங்க.