இரண்டு டப்பா சாம்பிராணி

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி எந்தத் தோட்டத்துக்கு வழி கேட்டாலும், அந்த வருஷம் ஒரே பதில்தான் கிடைத்தது.

"ஆமைசாமிகிட்டயா? நேரா மேல ஏறுங்க. கூட்டம் தெரியும்."

வெள்ளிக்கிழமை மூன்று மணி ஆனால் போதும். வட்டவளையிலிருந்து ரயிலிலும், மஸ்கெலியாவிலிருந்து இரண்டு பஸ் மாறியும், சேவலும் கையுமாக ஜனங்கள் வந்து குவிந்தார்கள். சேவல்தான் காணிக்கை. ஆமைசாமி என்கிற கூர்மானந்த சுவாமி காசைக் கையால் தொடமாட்டார், அப்படிப்பட்ட துறவு! சேவலைத் தொடுவார். அவர் தொட்ட சேவல் சனிக்கிழமை மதியத்துக்குள் குழம்பாகிவிடும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்துக்கு ஆமை வந்து எட்டு வாரம் ஆகியிருந்தது. எதனால் அதிக நன்மை என்று கேட்டால், லயத்து வரிசை வீடுகளின் ஜனங்கள் யோசிக்காமல் ஆமையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இத்தனைக்கும் அவர்கள் ஆமையைக் கண்டால் விளக்குமாற்றைத் தூக்குகிறவர்கள். ஆமை நுழைந்தால் குடும்பம் விளங்காது என்று நம்புகிறவர்கள். சுவாமி அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். "ஆமை உங்க வீட்டுக்கு வந்தாத்தான் தோஷம். நீங்க ஆமைகிட்ட வந்தா யோகம்" என்றார். இத்தனை காலம் இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முன்பு கொழுந்தை எடைபோட்ட பழைய கொட்டகையான மடுவம்தான் ஆசிரமம். உள்ளே ஒரு பலகை, அதன்மேல் சிவப்புத் துணி, அதன்மேல் முதுகெல்லாம் மஞ்சள் நட்சத்திரம் போட்ட ஆமை. எதிரே தணல் சட்டி. சட்டியின் இரண்டு பக்கமும் இரண்டு சாம்பிராணி டப்பாக்கள். கேள்வியைச் சொன்னால் சுவாமி கண்ணை மூடுவார், ஒரு சிட்டிகை அள்ளித் தணலில் போடுவார். புகைக்குள்ளிருந்து ஆமை தலையை நீட்டினால் காரியம் ஜெயம். உள்ளே இழுத்துக்கொண்டால் தோஷம். தோஷம் கழிய ஏழு வெள்ளி, ஏழு சேவல். பிரஜாவுரிமை மனு பாஸாகுமா என்றுகூடக் கேட்டார்கள். மனுவை வாங்கி வைத்திருந்த அரசாங்கக் கச்சேரியைவிட ஆமை சீக்கிரம் பதில் சொன்னது என்பதை மறுப்பதற்கில்லை.

வெயில் நாட்டு ஆமை, பாவம். மலைக்குளிரும் புகையும் சேர்ந்து அதன் மூக்கில் எந்நேரமும் நீர்க்குமிழி நின்றது. "கூர்மம் ஆனந்தக் கண்ணீர் விடுது" என்றார் சுவாமி. மூக்கு வழியாகவா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த ஆமைதான் பூரணியின் கல்யாணத்துக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தது.

பூரணி தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை சலிக்கிறவள். அத்தை வேலாயியின் மகன் செல்லசாமி அதே ஸ்டோரில் லொறி ஓட்டுகிறவன். இருவருக்கும் பிடித்திருந்தது, இரண்டு வீட்டுக்கும் சம்மதம். தை மாசம் என்று பேச்சு. சும்மா இருந்தாரா அப்பா ஆண்டியப்பன்? "எதுக்கும் ஆமைகிட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம்" என்றார். ஆமை தலையை இழுத்துக்கொண்டது. மூன்று வெள்ளி, மூன்று சேவல். மூன்று தடவையும் தலை உள்ளேதான்.

வேலாயி பொறுமைசாலி அல்ல. "இன்னும் நாலு வாரம் போனா தை முடிஞ்சு மாசியும் பாதி போயிரும் அண்ணே. வட்டவளையில எம் மகனுக்கு ஒரு பொண்ணு சொல்லியிருக்காங்க. வர்ற வெள்ளியும் கூர்மம் வேணாம்னா, சனிக்கெழம நான் அங்க பரிசத் தட்டோட போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

செல்லசாமி லொறிக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தான்.

"ஏ பூரணி, அந்த ஆமையக் கறி வச்சுருவோமா?"

"அது என்ன பாவம் பண்ணுச்சு மச்சான்? கறி வைக்கணும்னா பக்கத்துல உக்காந்திருக்கிறத வைங்க."

இந்த ஆமைக்காய்ச்சல் அதற்கு முந்தின வாரமே ஸ்டோருக்குள்ளும் வந்து சேர்ந்திருந்தது. தேயிலை பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். பூ வைத்துக்கொண்டுகூட யாரும் உள்ளே வரக்கூடாது. வெள்ளிக்கிழமை தங்கள் முறை வந்து தணல் சட்டியோரம் புகையில் உட்கார்ந்த பெண்கள் சனிக்கிழமை காலை தலைமுடியிலும் கம்பளியிலும் சாம்பிராணியோடு வந்து நின்றார்கள். ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் மரியநாயகம் தலையில் அடித்துக்கொண்டார்.

"கொழும்புல இருந்து கடுதாசி வந்திருக்கு. நம்ம தேயில பூச வாசம் அடிக்குதாம். தூபம் வேணும்னா நான் ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயி மோந்துக்க மாட்டேனா? பூரணி, ஒனக்குத்தான் மூக்கு நல்லா வேல செய்யுது. வாசல்ல நில்லு. நாத்தம் வர்றவள உள்ள விடாத."

நின்றாள். முதலில் வந்தவள் மீனம்மா. பூரணி அவள் கம்பளியை மோந்து பார்த்தாள். சாம்பிராணி, அதற்கடியில் காறலாக வேறு ஏதோ ஒன்று. அடுத்து வந்த நாகலெட்சுமியிடம் வெறும் சாம்பிராணி மட்டும். மூன்றாவதாக வந்தவளிடம் மறுபடியும் அந்தக் காறல். மூவரையும் குளிக்கத் திருப்பி அனுப்பும்போது, ஆமை என்ன சொன்னது என்று கேட்டுவைத்தாள். நாகலெட்சுமிக்கு மட்டும் தலை வெளியே. மற்ற இருவருக்கும் உள்ளே.

அடுத்த சனிக்கிழமை, அப்பா மூன்றாவது சேவலைக் கொடுத்த மறுநாள், மோந்துவிட்டுத் தானே சொன்னாள்.

"அக்கா, ஒங்களுக்கு கூர்மம் தலைய இழுத்துக்கிச்சு. என்ன?"

"ஆத்தாடி! யாருடி சொன்னா ஒனக்கு?"

ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பதும் சரி. அன்று மாலையே, பூரணிக்கு அருள் வந்துவிட்டது என்று லயமெல்லாம் பேச்சு. வாசனை பிடித்தாள் என்பதைவிட அருள் பிடித்தது என்பதை நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

பூரணிக்கு அருள் வரவில்லை. கோபம்தான் வந்தது.

வேலாயி கெடு வைத்த வெள்ளிக்கிழமை மடுவத்தில் நிற்க இடமில்லை. தேயிலையைக் கெடுக்கும் புகையை நேரில் பார்க்க டீமேக்கரும் வந்திருந்தார். ஆண்டியப்பன் நாலாவது சேவலை வைத்துக் கும்பிட்டார். சுவாமி மூக்கைச் சிந்திவிட்டுக் கணீரென்று கேட்டார்.

"கூர்மேசா! ஆண்டியப்பன் மகளையும் வேலாயி மகனையும் சேத்து வைக்கலாமா?"

கை இடது பக்கத்து டப்பாவுக்குப் போயிற்று.

"சாமி, ஒரு நிமிசம்" என்றாள் பூரணி. "அந்த ரெண்டு டப்பாலயும் இருக்கிறது வேற வேறயா?"

"சும்மா கெட புள்ள!" என்று அதட்டினார் ஆண்டியப்பன்.

சுவாமி சிரித்தார். "கேக்கட்டும், கொழந்த. ரெண்டும் ஒண்ணுதாம்மா. பழனி சாம்பிராணி. ஒண்ணு தீந்தா இன்னொண்ணு."

"அப்ப எங்களுக்கு வலது பக்கத்துல இருந்து போடுங்க."

சுவாமியின் கை அந்தரத்தில் நின்றது. "அது... எதுல எடுக்கணும்னு கூர்மம்தான் எனக்கு உத்தரவு குடுக்கும்."

"ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு சாமி உத்தரவு?"

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். வேலாயிக்குப் பொறுக்கவில்லை. அரிசிக்கடையில் படியை எட்டிப் பார்த்து வாங்குகிற பெண்பிள்ளை அவள்.

"அதான சாமி? ஒண்ணுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. எதுல போட்டா என்னா?" என்று வலது டப்பாவை இழுத்துத் தானே ஒரு சிட்டிகை போட்டாள்.

மெல்லிய புகை எழுந்தது. தணலின் சூடு பட்டதும் ஆமை தலையை நீட்டியது. கழுத்தை நீட்டியது. இன்னும் கொஞ்சம் சூடு கிடைக்குமா என்று ஒரு அடி முன்னால்கூட வந்தது.

வேலாயி வாயைப் பிளந்தாள். "அண்ணே! சரிங்குது!"

"இருங்க அத்தை" என்றாள் பூரணி. "இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு." அவளும் வலது டப்பாவிலிருந்து போட்டாள். "கூர்மேசா, எங்க டீமேக்கர் அய்யாவுக்கு அஞ்சு பொண்டாட்டி. நெசந்தானா?"

ஆமை நீட்டிய தலையை நீட்டியபடியே இருந்தது. மரியநாயகம் பதறிப்போய்ப் பின்னால் திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, அவருடைய ஒரே மனைவி இசபெல் வரவில்லை.

"கடேசிக் கேள்வி. எங்க சாமி யோக்கியமானவரா?" இந்தத் தடவை இடது டப்பா.

ஆமை தலையை இழுத்த வேகத்தில் ஓடு பலகையில் 'டொக்'கென்று இடித்தது.

மடுவம் இடிந்துவிடும்போலச் சிரிப்பு. மரியநாயகம் முன்னால் வந்து இடது டப்பாவைத் துணியில் கொட்டினார். பொடித்த சாம்பிராணிக்கு நடுவே கறுப்புக் கறுப்பாகச் சுருட்டுத் துண்டுகள்.

"பொகயில! காறல் பட்டா எந்தச் சீவந்தான் தலைய நீட்டும்?"

"கூர்மம் கோவிச்சுக்கிச்சு!" என்று சுவாமி எழுந்தார். "இந்தத் தோட்டமே—"

ஆண்டியப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. நாலாவது சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மொத மூணு எங்க சாமி?" என்றார். கூட்டத்தின் கண்கள் மெல்ல இறங்கிச் சுவாமியின் தொப்பையில் நின்றன.

ஐந்தரை மணி ரயிலை அன்று சுவாமி ஓடிப்போய்ப் பிடித்தார். ஆமையை எடுத்துப்போக நேரமில்லை. செல்லசாமி அதைச் சாக்கில் சுற்றி லொறியில் வைத்து, மலையிறங்கி, வெயில் கொளுத்துகிற ஊரில் தெரிந்தவர் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தான். பரிசத் தட்டு வட்டவளைக்குப் போகவில்லை. எதிர் லயத்துக்கு, பூரணி வீட்டுக்குத்தான் வந்தது. மாப்பிள்ளையின் கையில் ஆமை நகம் கீறிய தழும்பு இருந்தது. பூரணி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வாசலில் மீனம்மா, கையில் ஒரு சேவலோடு.

"ஒண்ணுமில்ல பூரணி. அந்த ஆள் திருடன்தான். ஆனா ஒனக்கு வந்தது நெசமான அருள் இல்லியா? எம் மகனுக்குக் கங்காணி வேல கெடைக்குமான்னு ஒருதரம் மோந்து சொல்லேன்!"

பூரணி சேவலையும் பார்த்தாள், மீனம்மாவையும் பார்த்தாள்.

"வேல கெடைக்குமான்னு தொரகிட்ட கேளுங்கக்கா. சேவல வீட்டுக்குக் கொண்டுபோயி, மகனுக்கு ஆக்கிப் போடுங்க."

மீனம்மா முணுமுணுத்துக்கொண்டே போனாள். போகிற வழியில், மஸ்கெலியா பக்கம் ஒரு கிளி நன்றாகச் சொல்கிறதாம் என்று யாரோ சொல்ல, நின்று விலாசம் கேட்டுக்கொண்டாள்.

அந்த ஆமையாவது, புகை காறியபோதுதான் தலையை உள்ளே இழுத்தது. நாம் மணக்கிற புகைக்கே இழுத்துக்கொள்கிறோம். தலையை வெளியே நீட்டி யோசிக்க இன்னும் எத்தனை சேவல் ஆகுமோ!