நான்காம் வேற்றுமை வரவழைத்த சீர்வரிசை

பிறர் எழுத்தில் பிழை பிடித்தே பழகியவனுக்குத் தன் பிழை அச்சேறிய பின்பும் கண்ணில் படாது. நான் அந்த வகை.

சில ஆண்டுகளுக்கு முன், தொழிற்சாலைப் பயிற்சிக்கு ஜப்பானிலிருந்து வந்த கென்ஜியும் மிஹோ என்ற பெண்ணும் செவிலிமேட்டில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். இருபது வயதை எட்டியவர்களை ஜனவரியில் கூடி வாழ்த்துவது ஜப்பானிய வழக்கம். தாய்நாடு செல்ல அவர்களுக்கு விடுப்பில்லை. "எங்கள் மொட்டை மாடியில் நடத்தலாமே" என்றேன். பெற்றோர் கைபேசியில் பார்ப்பார்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு நன்றியுரையை, வந்தவர்களுக்கும் புரியட்டும் என்று, கென்ஜி தமிழிலும் எழுதி ஒரு மாதம் மனப்பாடம் செய்தான்.

அழைப்பிதழில் 'வயது வந்தோர் விழா' என்று அச்சுக் கோத்திருந்தார் அச்சகத்துக் கஜேந்திரன். வேற்றுமை உருபு இல்லாத அத்தொடர் என் கண்ணை உறுத்தியது. (அந்நாளில் எனக்கு எல்லாமே உறுத்தும்.) 'வயதுக்கு' என்று திருத்தினேன்.

"சார், 'கு' போட்டா அது வேற விஷயமா ஆயிடும் சார்..."

"இலக்கணம் படித்தவர் நீரா, நானா?"

அவர் அப்படியே அச்சடித்துக் கொடுத்தார்.

விழாவன்று இருவரும் தம் நாட்டுக் கிமோனோ உடை அணிந்து நிற்க, தெருப் பெண்கள் மஞ்சள், வளையல், புட்டு, உளுந்தங்களித் தட்டுகளோடு படியேறி வந்தார்கள். கென்ஜி ஒவ்வொரு தட்டையும் குனிந்து வணங்கி வாங்கினான். எதிர்வீட்டுச் சரசா அக்கா திகைத்தார்.

"பொண்ணு சரிம்மா. இந்தப் புள்ளை எப்படிம்மா? வளையலை வாங்கிக்கினு சிரிச்சிக்கினு நிக்குது!"

"தாய்மாமன் யாருபா? மாலை போடணுமே!" என்றார் இன்னொருவர்.

சிரிப்பு வெடித்தது. காரணம் புரியாத மிஹோவின் முகம் வாடியது.

"அச்சகத்துப் பிழை" என்றேன், கூசாமல். ஓரத்தில் நின்ற கஜேந்திரன் தலை கவிழ்ந்தார்.

அப்போது கென்ஜி கைபேசியைப் பார்த்துப் பேசத் தொடங்கினான். "அம்மா, அப்பா, இன்று முதல் என் தவறு என்னுடையது. எனக்காக நீங்கள் யாரிடமும் இனி மன்னிப்புக் கேட்க வேண்டாம்."

என் வயதில் பாதி அவனுக்கு. எழுந்து நின்றேன்.

"அந்தக் 'கு' நான் போட்டது. கஜேந்திரன் தடுத்தார், நான்தான் கேட்கவில்லை. பழியையும் அவர்மேல் போட்டேன். மன்னிக்க வேண்டும்."

"விடுங்க சார்" என்றார் அவர்.

சரசா அக்கா அதுவரை கொடுக்காமல் வைத்திருந்த தம் தட்டைக் கென்ஜியின் முன் வைத்தார். உடம்பு வளர்ந்ததற்குச் சீர் வைக்கும் எங்கள் தெருவில், ஒருவன் பொறுப்பேற்றதற்கு வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

இன்றும் உறவினர் கூடினால் என் மனைவி தொடங்கிவிடுவாள்: "எங்க வீட்டுக்காரரு நாப்பது வயசுலதான் ஆளானாரு. தெருவே வந்து பார்த்துச்சு."