அறுபத்துநாலுக்குப் பூஜ்யம்

செவ்வாய்க்கிழமை காலையில் தெருமுனை அடிபம்பு நின்றுபோனது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பம்பைத் தானமாகத் தந்தது ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம். ஆகவே வளையம் கடையில் கிடைக்காது, தலைமையகத்திலிருந்துதான் வரவேண்டும்.

சலவைக்கார அக்காவின் வீட்டில் ஆஸ்பத்திரி விரிப்புகள் மலைபோலக் கிடந்தன. "திங்கக்கிழமை துணி வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்குவோம்" என்று வார்டு மேஸ்திரி கறாராகச் சொல்லியிருந்தார். அவளுக்கு இருந்த ஒரே நிரந்தர வேலை அது.

நிறுவனத்தின் அலுவலகம் ஒரே அறை. இந்தப் பக்க மேஜையில் வளர்ச்சி அதிகாரி, அந்தப் பக்க மேஜையில் ஜனநாயக அதிகாரி. தலைமையகத்திடம் எதைக் கேட்டு எழுதினாலும் இருவரும் கையெழுத்துப் போடவேண்டும்.

"முதல்ல தண்ணி, தொழில், வருமானம். பசியோட இருக்கறவனுக்கு ஓட்டு எதுக்கு?" என்றார் முன்னவர்.

"முதல்ல ஓட்டு. கேள்வி கேக்கத் தெரியாத தெருவுல பம்பு எத்தனை நாளைக்கு ஓடும்?" என்றார் பின்னவர்.

இரண்டும் நியாயமாகத்தான் பட்டது. வினையே அதுதான்.

"ஐயா, வளையத்தை வரவழைச்சுக் குடுத்துட்டு அப்புறமா சண்டை போடக்கூடாதா?" என்றாள் அக்கா.

"இது சண்டை இல்லம்மா, முன்னுரிமை" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

எது முதலில் என்பதை மக்களே தீர்மானிக்கட்டும் என்று முடிவாயிற்று. புதன்கிழமை பளபளவென்று ஒரு இரும்புப் பெட்டி வந்தது. நாற்காலி, டீ, விரலுக்கு மை. பம்பா, ஓட்டா? தெருவில் அறுபத்துநாலு பேர். அறுபத்துநாலும் பம்புக்கே விழுந்தது.

ஜனநாயக அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "நூத்துக்கு நூறு வாக்குப்பதிவு! ஓட்டுமேல இவங்களுக்கு எவ்வளவு பிரியம்!"

"பம்புக்குத்தானேய்யா போட்டோம்?" என்றார் பக்கத்து வீட்டுத் தையல்காரர்.

"போட்டீங்கல்ல? அதைத்தான் சொல்றேன்."

முடிவு, தக்க ஆய்வுக்காகத் தலைமையகத்துக்கு அனுப்பப்பட்டது. பதில் வர இரண்டு மாதம் ஆகுமாம். அடக் கடவுளே!

அக்கா பெட்டியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூடியின் உள்விளிம்பில் ஒரு ரப்பர் வளையம். பம்பு செய்த கம்பெனிதான் பெட்டியும் செய்தது போல. வியாழக்கிழமை, அலுவலகத்தைப் பெருக்கித் தருகிறேன் என்று சொல்லிப் போனவள், வளையத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். பம்பில் மாட்டினாள். அளவெடுத்தது போல உட்கார்ந்தது. தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தெருவே குடத்தோடு ஓடிவந்தது. அக்கா தெம்பாக அத்தனை விரிப்பையும் சோப்பு நுரையில் ஊறப்போட்டாள்.

வெள்ளிக்கிழமை குட்டு உடைந்தது. அதிகாரிகள் இருவரும் பம்படிக்கே வந்துவிட்டார்கள்.

"ஆமா, நான்தான் எடுத்தேன். என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் அக்கா, வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"நாங்க யாரும்மா உங்களைத் தண்டிக்க?" என்றார் ஜனநாயக அதிகாரி மிகுந்த பணிவோடு. "வளையம் பம்புல இருக்கலாமா, பெட்டிக்குத் திரும்பணுமா? மக்களே சொல்லட்டும். ஆனா வளையம் இல்லாத பெட்டியில போட்ட ஓட்டு செல்லாது. அதனால ஓட்டெடுப்பு முடியறவரைக்கும் வளையம் பெட்டியில இருக்கணும்."

கழற்றினார்கள். தண்ணீர் நின்றது. சனிக்கிழமை மறுபடி நாற்காலி, டீ, மை.

மறைப்புக்குள் போன அக்கா, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். மற்ற அறுபத்துமூணு பேரும் பம்புக்குத்தான் போடப்போகிறார்கள். ஜெயிப்பது உறுதி. எடுத்தவள் நான். என் ஒரு ஓட்டாவது யோக்கியமாக இருந்துவிட்டுப் போகட்டுமே! 'பெட்டிக்குத் திரும்பட்டும்' என்பதில் முத்திரை குத்தினாள். மனசு லேசாகிவிட்டது.

எண்ணினார்கள். பெட்டிக்கு அறுபத்துநாலு. பம்புக்குப் பூஜ்யம்.

"நீங்க எல்லாரும் பம்புக்குப் போடுவீங்கன்னு நெனச்சேன்க்கா" என்று முனகினார் தையல்காரர். "நாம ஒருத்தராச்சும் மரியாதையா நடந்துக்குவோமேன்னு..." தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது.

அதிகாரிகள் முதல்முறையாகக் கைகுலுக்கிக்கொண்டார்கள். இருவரும் ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: 'மக்கள் மிகத் தெளிவாக இருக்கிறார்கள்.'

திங்கட்கிழமை வார்டு மேஸ்திரி வந்தார். நுரை காய்ந்து அப்பளமாய் விறைத்துக் கிடந்த விரிப்புகளைப் பார்த்துவிட்டு எகிறினார்.

"என்னம்மா இது அநியாயம்? தண்ணிய நிறுத்தினது எவன்? பேரைச் சொல்லு, நான் பாத்துக்கறேன்!"

அக்கா மை வைத்த விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"நாங்கதான் சார்" என்றாள். "ஒருமனதா."