சேட்டிலைட்டைத் தேடுகிறது

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சித்தப்பாவுக்கு,

இங்கே நான் நலம், கார் நலம். நீங்கள் கொடுத்தனுப்பிய ஜிபிஎஸ் மட்டும் இரண்டு மாதமாக நலமில்லாமல் இருந்து, போன வாரம்தான் தேறியது. அங்கே நீங்களும் சித்தியும் சித்தியின் முழங்காலும் சுகம் என்று நம்புகிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணியா?" என்பீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதற்காகவே ஸ்டாம்ப் ஒட்டுகிறேன்.

முதலில் நன்றி. எனக்கு டிரைவர் வேலை கிடைத்தது என்றதும் வீட்டில் எல்லாரும் "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஸ்டியரிங்?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, நீங்கள் ஒருவர்தான் பீரோவைத் திறந்து அதை எடுத்துக் கொடுத்தீர்கள். "பன்னெண்டு வருஷம் வெச்சு ஓட்டினேன், ஒரு நாள் வழி தப்பினதில்ல" என்றீர்கள். உறைக்கு மேல் உறை, அதற்கு மேல் டேப், மூலைக்கு மூலை டேப். டிவி ரிமோட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் செருப்புக்கும் அதே கறுப்பு டேப் போடுகிறவர் நீங்கள் என்பதால் நான் ஆச்சரியப்படவில்லை. உறைகளைக் கழற்றினேன். மெஷினின் உடம்பிலேயே நீங்கள் ஒட்டியிருந்ததை மட்டும், உங்கள் கைவேலை மேல் உள்ள மரியாதையால், தொடவில்லை.

என் வேலை என்னவென்று சித்திக்கு இன்னும் பிடிபடவில்லையாம், அம்மா சொன்னாள். வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஊசி போட, கட்டு மாற்ற நர்ஸ் அனுப்பும் கம்பெனி. ஐந்து கார், ஐந்து டிரைவர். நாலு பேர் ஆண்கள், மிச்சம் நான். என் வண்டியில் ஒரு சிஸ்டர் வருவார். காலையில் ஒரு தாளில் பத்து விலாசம் தருவார்கள். எங்கள் இரண்டு பேர் போனையும் டிக்கியில் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும், வண்டி ஓடும்போது தொடக்கூடாது. பாதுகாப்பாம். வழி பார்க்க ஜிபிஎஸ் வேண்டுமென்றால் டிரைவரே கொண்டுவர வேண்டும். அதுவும் பாதுகாப்புதான், கம்பெனியின் பைக்கு. முதல் மூன்று மாதம் தற்காலிகம். அதற்குள் மூன்று தடவை தாமதமானால் சாவியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நான் முதல் மாதத்திலேயே இரண்டு தடவை தாமதம். இதை உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. அப்பாவிடம் நீங்கள் இப்போதும் சொல்ல வேண்டாம்.

நடந்தது இதுதான். முதல் நாள் ஆன் செய்தேன். "சேட்டிலைட்டைத் தேடுகிறது" என்று எழுத்து வந்தது. அரை மணி நேரம் ஓட்டினேன், அது தேடிக்கொண்டே வந்தது. உங்களுக்குப் போன் செய்தேன், ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னீர்கள், செய்தேன். மறுபடி போன் செய்தேன், ரொம்ப நாள் பீரோவில் இருந்ததால் அதற்கு வானம் மறந்திருக்கும், நல்ல வெட்டவெளியில் நிறுத்தி வை என்றீர்கள். லீவு நாளில் சாவியைக் கெஞ்சி வாங்கி, ஒரு பெரிய கடையின் காலி பார்க்கிங்கில் கொண்டுபோய் நிறுத்தினேன். செக்யூரிட்டி வந்தார்.

"என்னம்மா, அரை மணி நேரமா வண்டி நிக்குது?"

"காத்திருக்கேன் சார்."

"யாருக்கு?"

"சேட்டிலைட்டுக்கு."

அவர் மேலே பார்த்தார். "எத்தனை மணிக்கு வருமாம்?"

"தெரியல சார்."

"சரி, வந்தா கேட்ல ஒரு கையெழுத்து போடச் சொல்லு."

வந்தது சித்தப்பா. ஒரே ஒரு சிக்னல் கோடு எழும்பியது, உடனே படுத்துவிட்டது. திரையில் அம்புக்குறி மட்டும் நின்றது. எங்கே என்று பெரிதாக்கிப் பார்த்தால், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி உங்கள் பழைய ஆபீஸ் வாசல். அதற்குப் பிறகு எப்போது ஆன் செய்தாலும் அது நேராக உங்கள் ஆபீஸ் வாசலில் போய்தான் நின்றது. நீங்களே ரிட்டயர் ஆகி மூன்று வருடம் ஆகிறது. அது இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே நான் சிஸ்டரை நம்பி ஓட்டினேன். சிஸ்டருக்குத் தெருப் பெயர் ஒன்றும் தெரியாது. "அந்த சுகர் வீட்டைத் தாண்டி லெஃப்ட் எடு. இடுப்பு எலும்பு வரும், நிறுத்தாத. அடுத்த முனையில எதிரெதிரா ரெண்டு ஸ்ட்ரோக், நடுவுல போ." நான் புதுசு சிஸ்டர், எனக்கு நோய் தெரியாது என்றேன். "ஓட்ட ஓட்ட வரும்" என்றார். வந்தும் விட்டது. ஆனால் புது நோயாளி என்றால் அவருக்கும் வழி தெரியாது. அப்படித்தான் இரண்டு தாமதமும். முதலாவது ஒரு கால் புண்காரர், வாய் வலிக்கத் திட்டினார், அது பரவாயில்லை. இரண்டாவது ஒரு வயதானவர், ஊசி போட்டால்தான் சாப்பிட முடியும். நாற்பது நிமிடம் தட்டைப் போட்டு மூடி வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். "வாங்கம்மா, வழி சிரமமா இருந்துச்சா?" என்று கேட்டார். அவரும் திட்டியிருக்கலாம்.

சூப்பர்வைசர் கூப்பிட்டார். "இதுல உன் தப்பு ஒண்ணும் இல்லம்மா. பொண்ணுங்களுக்கு வழி மனசுல நிக்காது. அது இயற்கை" என்று சொல்லிக்கொண்டே மெமோ ஃபாரத்தை நாலு இழுப்பறையிலும் தேடினார். அது அவருடைய முழங்கைக்கு அடியிலேயே இருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன், எனக்கான மெமோவை.

இங்கே கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காரிலும் முன்கண்ணாடியில் ஒரு கேமரா. ரோட்டைப் பார்க்காது, டிரைவரைப் பார்க்கும். கொட்டாவி விட்டதற்கு எனக்கு ஒரு மெமோ. தண்ணீர் குடித்ததற்கு ஒன்று. இரண்டு ஸ்ட்ரோக்குக்கு நடுவில் போகச் சொன்ன அன்று சிரித்துவிட்டேன், அதற்கு ஒன்று, "பணி நேரத்தில் தேவையின்றிப் பல் தெரிந்தது" என்று. ஏசி வேலை செய்யவில்லை என்று நான் நாலு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைப் பார்க்கத்தான் ஒரு கேமராவும் இல்லை. மாசம் முழுக்க வெயிலில் ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்க்க ஒரு மெஷின் வாங்க இவர்களால் முடிகிறது. அந்த முகத்தில் வியர்வை ஏன் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

கடைசியில் ஆபீஸுக்குப் பின்னால் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். அவர் சீட்டில் உட்கார்ந்தபடியே எல்லாம் பார்த்தார். கண்ணாடியில் வெயில் ஃபிலிம் ஒட்டியிருக்கிறதா என்று சுரண்டினார், இல்லை. சார்ஜரை மாற்றினார், பயன் இல்லை. அப்புறம் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார்.

"இது எப்பவும் ஓடிட்டே இருக்குமா?"

"நான் மூச்சு விடற வரைக்கும் ஓடும் அண்ணா."

"அப்ப இதுதான். மட்டமான கேமரா பக்கத்துல இருந்தா சிக்னலை அமுக்கிடும் தங்கச்சி. நிறைய வண்டில பார்த்திருக்கேன்."

எனக்கு அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை. அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன், கேமராவால்தான் ஜிபிஎஸ் எடுக்கவில்லை, ஜிபிஎஸ் எடுக்காததால்தான் தாமதம், ஆகவே இரண்டு தாமத மெமோவும் கேமராவுக்குத்தான் சேர வேண்டும் என்று. சூப்பர்வைசர் இரண்டு தடவை படித்தார். "நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நானே வர்றேன். கேமராவைக் கழட்டியும் இது எடுக்கலைன்னா மூணாவது லேட் மெமோ வேணாம், சாவியை வெச்சுட்டுக் கிளம்பிடு" என்றார். சரி சார் என்றேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வண்டியை ஆபீஸ் முற்றத்தில் நிறுத்தி ஜிபிஎஸ்ஸை ஆன் செய்தேன். நாலு டிரைவர்களும் நிழலில் டீ கிளாஸோடு நின்றார்கள். சிஸ்டர் பின்சீட்டிலிருந்து இறங்க மறுத்துவிட்டார். சூப்பர்வைசர் வந்தது ஒரு மணிக்கு. அவருக்கு மெமோ கொடுக்க ஆள் இல்லை. அந்த ஒரு மணி நேரமும் ஜிபிஎஸ் டேஷ்போர்டில் வெயிலில் வெந்துகொண்டே தேடியது, நான் உங்கள் ஆபீஸ் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வந்து, தன் கையாலேயே கேமராவின் வயரைப் பிடுங்கினார். எண்ணினோம். பத்து. இருபது. முப்பது.

"சார், அது உங்களைப் பார்த்து பயப்படுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் ஒரு டிரைவர்.

அப்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது சித்தப்பா. கேமராவின் உயிர் போன சத்தம் என்று நினைத்தேன். ஒரு கோடு வந்தது. இரண்டு வந்தது. ஐந்தும் வந்துவிட்டது. அம்புக்குறி உங்கள் ஆபீஸ் வாசலை விட்டு ஒரே தாவலில் முந்நூறு கிலோமீட்டர் தாண்டி எங்கள் முற்றத்தில் வந்து நின்றது. சிஸ்டர் கதவைத் திறந்து இறங்கி, என் முதுகில் ஒரு அடி வைத்தார். ஊசி போடும்போதுகூட அவர் அவ்வளவு பலமாகக் குத்தமாட்டார்.

இப்போது ஐந்து வண்டியிலும் கேமரா இல்லை. "செயற்கைக்கோள் தொடர்புக்கு இடையூறாக இருப்பதால்" என்று சுற்றறிக்கையே வந்துவிட்டது. டிரைவர்கள் இஷ்டம்போல் கொட்டாவி விடுகிறார்கள். என் இரண்டு தாமத மெமோவும் ரத்து. சாப்பாட்டை மூடி வைத்துக் காத்திருந்தவர் இப்போது சூடாகச் சாப்பிடுகிறார். வேலை நிரந்தரமாக இன்னும் பன்னிரண்டு நாள். சூப்பர்வைசர் நேற்று என்னைப் பார்த்து "பரவால்லையே" என்றார். அவர் பாஷையில் அது பதக்கம். நம்மைக் கண்காணிக்க வைத்த கண்தான் இத்தனை நாள் நம் கண்ணைக் கட்டியிருந்தது என்று டிரைவர்கள் மத்தியில் ஒரு சின்னப் பேச்சுகூடப் பேசினேன். கைதட்டினார்கள். உங்கள் ஜிபிஎஸ் மேல் சந்தேகப்பட்டதற்கும், உங்களை மனசுக்குள் ஏசியதற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

சித்திக்கு என் அன்பு, முழங்காலுக்கு என் விசாரிப்பு. அடுத்த பன்னிரண்டு நாளைக்கு மட்டும் உங்கள் ஆசியைக் கொஞ்சம் கூடுதலாக அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஐந்தாம் வண்டி ஓட்டும் உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ஒரு நாள் ஆகிவிட்டது, நல்லதுதான். இன்று காலை அம்புக்குறி மறுபடி உங்கள் ஆபீஸ் வாசலில் நின்றது. கேமரா இல்லை, வயர்கூட இல்லை. முதல் தடவையாக மெஷினைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். முதுகில் ஒரு சின்ன மடக்குத் தகடு. அதுதான் ஆன்டெனா. விரித்து வைத்தால்தான் வானத்தைப் பார்க்குமாம். அது தொங்கி உடைந்துவிடக் கூடாதென்று நீங்கள் மடக்கி, டேப் ஒட்டியிருக்கிறீர்கள். அன்று ஒரு மணி நேர வெயிலில் பசை இளகி டேப் பிரிந்ததுதான் அந்த 'டிக்'. நேற்று சாயங்காலம் அது ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்த சிஸ்டர், எதுவும் தொங்கினால் அவருக்குப் பொறுக்காது, புண்ணுக்குப் போடும் பிளாஸ்திரி போட்டு இறுக்கி ஒட்டிவிட்டார். பிரித்ததும் ஐந்து கோடும் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் வழி தப்பவில்லை என்றீர்களே, சித்தப்பா, வீட்டிலிருந்து ஆபீஸுக்கும் ஆபீஸிலிருந்து வீட்டுக்கும்தானே போனீர்கள்? கேமரா பாவம், நிரபராதி. இது எனக்கும் சிஸ்டருக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும், சித்தியிடம்கூடச் சொல்லாதீர்கள். அந்தக் கறுப்பு டேப் ஒரு சுருள் மட்டும் தபாலில் அனுப்பி வையுங்கள். திரும்பக் கேமரா மாட்ட வருகிற அன்றைக்கு அந்தத் தகட்டை மடக்கி ஒட்டத் தேவைப்படும்.