அழகன் டிவி துடைக்கும் நேரம்

இந்தக் கதை முழுவதும் எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பது சந்தேகம்தான். இலங்கை மலைநாட்டில் டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயன் வீடுகளுக்கு பிளாட் டிவி வரத் தொடங்கிய காலம். இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ. அன்று மழை பெய்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அம்மாக்கண்ணுவின் பொறாமை மட்டும் மறக்கவில்லை.

அவள் பொறாமைப்பட்டது பக்கத்து வீட்டுக்காரி மேல் அல்ல. தன் வீட்டு டிவி மேல்.

புருஷன் அழகனுக்குத் தேயிலைத் தூள் தயாரிக்கும் ஸ்டோரில் வேலை. சாயங்காலம் வந்ததும், அவள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நாடகத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறும்வரை காத்திருப்பான். பிறகு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பழைய வேட்டித் துணியால் மேலிருந்து கீழாக, அழுத்தாமல், பச்சைப் பிள்ளையின் கன்னத்தைத் துடைப்பதுபோலத் துடைப்பான். தண்ணீர் கிடையாது, சோப்பு கிடையாது. டிவி விற்ற ஹட்டன் கடைக்காரன் சொல்லிக்கொடுத்த முறை. துடைத்து முடித்த பிறகும் எழும்ப மாட்டான். அந்தக் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, நெடுநேரம் இருப்பான்.

"முதுகு வலிக்குதுங்க. கொஞ்சம் தைலம் தேய்ச்சி விடுங்களேன்."

"கை வேலையா இருக்குல்ல."

"அவளுக்கு மட்டும் கை வருது," என்று டிவியைக் காட்டினாள்.

"சாமான் என்னா விலைன்னு தெரியுமா புள்ள? கீறல் விழுந்தா போச்சு."

"நான் விழுந்தா?"

அழகன் துணியை மடித்து மறுபக்கத்தால் துடைத்தான்.

ஒரு நாள் அவனுக்கு ஸ்டோரில் ஓவர்டைம். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு மலையிலிருந்து வந்த அம்மாக்கண்ணு, டிவியை முறைத்துப் பார்த்தாள். இவளை நானே துடைத்து வைத்துவிட்டால் அவருக்கு இங்கே உட்கார வேலை இருக்காது என்று தோன்றியது.

பிளக்கைப் பிடுங்கும் அளவுக்கு அவளுக்கும் தெரிந்திருந்தது. முதலில் சோப்புத் தண்ணீர். புகைப் பிசுக்கு போனது. வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தது. கோடு போக எலுமிச்சம்பழம். கொழுந்து பறித்த கையில் ஏறும் கறை அதில்தான் போகும். கண்ணாடியிலோ திட்டுத் திட்டாகப் படிந்தது.

அந்த நேரம் வழக்கம்போலப் பின்வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. மீன்காரர் முத்துலிங்கம்.

"என்னா தங்கச்சி, இன்னைக்குச் சிரிப்பையே காணோம்?"

"இந்தக் கழுதையப் பாருங்கண்ணே. துடைக்கத் துடைக்க அசிங்கமாகுது."

"மண்ணெண்ணெய் போடுங்க. என் சைக்கிள் செயின் எல்லாம் அதுலதான் பளபளன்னு இருக்கு."

போட்டாள். திட்டுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கண்ணாடி முழுவதும் பரவின. மணம் அடித்ததும் பக்கத்து வீட்டு லெட்சுமி ஓடி வந்தாள்.

"அக்கா! குப்பி லாம்பு கவுந்துருச்சா?"

"என் குடும்பமே கவுந்துருச்சிடி. இங்க பாரு."

லெட்சுமி பார்த்தாள். "குத்துவிளக்கு மாதிரிதானேக்கா? சாம்பல் போடுவோம்."

இருவரும் தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு மாறி மாறித் தேய்த்தார்கள். நன்றாகக் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு பார்த்தால், கண்ணாடி பனி மூடிய விடியற்கால மலைபோலக் கிடந்தது.

அழகன் வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான். துணியை எடுத்தான்.

"போச்சு," என்றான் கடைசியில். "ஒண்ணுமே தெரியலையே!"

அம்மாக்கண்ணு பிளக்கைச் செருகி டிவியைப் போட்டாள். படம் வந்தது. கொஞ்சம் மங்கல். நாடகத்தில் மாமியார் அழுதுகொண்டிருந்தாள்.

"தெரியுதுங்க! மாமியார் மூக்குத்தி கூடத் தெரியுது!"

"அத யாரு பார்த்தா? நிப்பாட்டு."

"நிப்பாட்டினா என்னாங்க தெரியும்?"

அழகன் துணியை மடித்தான். விரித்தான். மறுபடி மடித்தான்.

"பார்த்தியா லெட்சுமி," என்று அழ ஆரம்பித்தாள் அம்மாக்கண்ணு. "கட்டினவளவிட இவதான் இவருக்குப் பெருசு."

"அட போக்கா," என்றாள் லெட்சுமி. "ஒரு நா அண்ணனோட ஸ்டூல்ல நான் உட்கார்ந்து பார்த்திருக்கேன். டிவி ஓடாதப்ப அந்தக் கண்ணாடியில உன் பின்வாசல் அப்புடியே தெரியும். மீன்காரரு வர்ற நேரந்தானே அண்ணன் துடைக்கிற நேரம்!"

பிறகு லெட்சுமி கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். முத்துலிங்கம் மோட்டார் சைக்கிளை விற்று ஆட்டோ வாங்கினார். டிவி மங்கலாகவே சில வருடங்கள் ஓடி நின்றது. அழகன் அதை மறுபடி துடைக்கவில்லை. சாயங்காலங்களில் அடுப்படியிலேயே, பின்வாசலுக்குப் பக்கத்தில், உட்கார்ந்து வெங்காயம் உரித்தான். அம்மாக்கண்ணு முன்னைவிட அதிகமாக மீன் வாங்கினாள்.