ஐயாவுக்கு எத்தனை பிம்பம்?

ஓர் அலுவலகம் என்றால் அதற்கு முகப்புக் கூடம் ஒன்று வேண்டும். முகப்புக் கூடம் என்றால் அதில் எதிரெதிராக இரண்டு கண்ணாடிச் சுவர்கள் வேண்டும். இது இயற்கையின் விதி அல்ல, அந்த வருடத்து நாகரிகம். பக்கத்துத் துறைக்காரர்கள் போட்டுவிட்டார்கள், நாம் போடாவிட்டால் நாலு பேர் நம்மை மதிப்பார்களா என்று பொதுக் கட்டட அழகூட்டல் துறை கூடிப் பேசி, தன் புதுக் கட்டடத்திலும் அதையே போடுவதென ஏகமனதாகத் தீர்மானித்தது. எதையும் ஏகமனதாகத் தீர்மானிப்பதில் அந்தத் துறையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கட்டுவதற்கு முன்னால் கூடம் எப்படியிருக்கும் என்று கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் செய்து காட்ட வேண்டும் அல்லவா? அதற்கென்றே அங்கே ஒரு பெண் இருந்தாள். படக்காரம்மா என்று கூப்பிடுவார்கள். தற்காலிக ஊழியர். அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது, அந்தக் குழந்தை பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டது. வேலை மட்டும் இன்னும் தற்காலிகம். இந்தப் படம் தலைமை அதிகாரி ஐயாவுக்குப் பிடித்துவிட்டால் நிரந்தரம் செய்துவிடலாம் என்று துணை அதிகாரி வாய்விட்டே சொல்லியிருந்தார். சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார், "ஆச்சா?" என்று கேட்பார். "இல்ல அத்தை" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கே தேய்ந்துபோயிருந்தது.

ஆகவே பார்த்துப் பார்த்துச் செய்தாள். நடுநாயகமாகத் தலைமை அதிகாரியின் உருவம். நிஜத்தில் இல்லாத முடியை, அவர் வாய்திறந்து கேட்காமலே, தலையில் வைத்தாள். பக்கத்தில் துணை அதிகாரி, சுற்றிலும் ஊழியர்கள், ஓரத்தில் மனுவோடு பொதுமக்கள் கொஞ்சம் பேர்.

இந்த எதிரெதிர்க் கண்ணாடி இருக்கிறதே, அது கம்ப்யூட்டருக்கு எமன். வெளிச்சம் இந்தச் சுவரில் பட்டு அந்தச் சுவருக்குப் போகும், அங்கே பட்டு இங்கே வரும். விட்டால் போய்வந்துகொண்டே இருக்கும், கம்ப்யூட்டரும் அதன் பின்னாலேயே கணக்குப் போட்டுச் சாகும். அதனால் எத்தனை தடவையோடு நிறுத்திக்கொள்வது என்று மென்பொருளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவள் எட்டு என்று சொன்னாள். எட்டு பிம்பம் தெரியும், அதற்கப்புறம் கறுப்பு. அவ்வளவு உள்ளே போய் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

தலைமை அதிகாரி போய்ப் பார்த்தார். கூட்ட அறையில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், விரல் வைத்துத் தம்மையே எண்ணினார்.

"எட்டாவதுக்கு அப்புறம் நான் எங்கம்மா?"

"அதோட வெளிச்சம் நின்னுடுதுங்க ஐயா. எட்டுன்னு நான்தான் வெச்சேன்."

"என்னை எட்டோட நிறுத்தறதுக்கு உனக்கு யாரு அதிகாரம் கொடுத்தது?"

துணை அதிகாரி நல்ல மனுஷர். ஐயாவுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "எனக்கும் எட்டுதாங்க ஐயா" என்றார். போச்சு. ஐயா மெதுவாகத் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

மறுநாள் ஆணை வந்தது. மேற்படி கூடத்தில் பிம்பங்கள் அவரவர் பதவியின் மாண்புக்கேற்ற விகிதாசாரத்தில் அமைய வேண்டுமென இதன்மூலம் அறிவுறுத்தப்பட்டது. தலைமை அதிகாரிக்கு எல்லையே கூடாது. அவளும் அப்படியே போட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டர் ஓலமிட்டு, சூடேறி, அந்த மாடியின் மின்சாரத்தையும் சேர்த்துக்கொண்டு படுத்துவிட்டது. அதன்பேரில் ஐயா பெருந்தன்மையோடு இருபதுக்கு இறங்கிவந்தார். துணை அதிகாரிக்குப் பத்து, பிரிவுத் தலைவர்களுக்கு ஐந்து, நிரந்தர ஊழியர்களுக்கு மூன்றோ இரண்டோ. தற்காலிக ஊழியர்களுக்கும் பொதுமக்களுக்கும் பிம்பம் கிடையாது. அவர்கள் வந்துவிட்டுப் போகிறவர்கள்தானே!

படத்தில் இதைச் செய்வது ஒன்றும் கஷ்டமில்லை. எந்த உருவம் எந்தக் கண்ணாடியில் எதுவரை தெரியலாம் என்று தனித்தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"படத்துல பண்ணிடலாங்க ஐயா. ஆனா நிஜக் கண்ணாடி இப்படிக் காட்டாதுங்க."

"ஒப்புதல் ஆன படத்துக்கு மாறா கண்ணாடி எப்படிம்மா காட்டும்?"

அவளுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. ஆனால் மாமியார் முகம் கண்முன்னால் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டு போய்ச் செய்தாள். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லிச் சொல்லி, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

கட்டடம் எழுந்தது. திறப்பு நாளில் ஐயா கம்பீரமாகக் கூடத்துக்குள் நுழைந்தார். கூடவே, வேறு போக்கிடம் இல்லாத பொதுமக்களும் மனுவோடு நுழைந்தார்கள். இரண்டு கண்ணாடியும் கூச்சநாச்சமில்லாமல் எல்லோரையும் காட்டின. வலப்பக்கம் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மனுக்காரர்கள், இடப்பக்கமும் அப்படியே. அந்தக் கூட்டத்துக்குள் ஐயா தம்மைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே நேரமாகிவிட்டது. கண்டுபிடித்தபோது தலையில் முடியும் இல்லை.

ஒப்புதல் பெற்ற படத்தை மீறி நடந்துகொண்டதற்காகக் கண்ணாடி ஒப்பந்தக்காரரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர், "நான் கண்ணாடியை மாட்டத்தாங்க முடியும், அதுக்குப் புத்தி சொல்ல முடியாது" என்றார். துடைத்துப் பார்த்தார்கள், திருப்பி மாட்டிப் பார்த்தார்கள். கண்ணாடி திருந்துவதாக இல்லை. கடைசியில் குழு ஒன்று கூடி, படக்காரம்மா செய்த படத்தையே சுவரளவுக்கு அச்சடித்து இரண்டு கண்ணாடியின் மேலும் ஒட்டிவிடுவதென ஏகமனதாகத் தீர்மானித்தது.

இனி பொதுமக்கள் கொதித்தெழுவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? படக்காரம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது என்று மாதக்கணக்காக மனு கொடுத்துவந்த வாத்தியார்தான் முதலில் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு கூரை மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"அம்மா, ஒரு ஓரத்துல எனக்கு ஒரே ஒரு பிம்பம் கிடைக்குமா? மச்சினன் வந்தா காட்டணும்."

அவருக்குப் பின்னால் ஏற்கெனவே வரிசை சேர்ந்துவிட்டது. வாரம் திரும்புவதற்குள் வரிசை தெருமுனை வரை போயிற்று. புகார்ப் பிரிவை மூடிவிட்டு, அதே கவுண்டரில் பிம்பக் கோரிக்கைப் பிரிவைத் தொடங்கினார்கள். அதற்கு ஆள் வேண்டுமே. படக்காரம்மாவை நிரந்தரம் செய்து, கவுண்டர் சாவியையும் அவள் கையில் கொடுத்தார்கள்.

அன்றைக்கு அவள் தெருவிலிருந்தே, "ஆச்சு அத்தை" என்று குரல் கொடுத்துக்கொண்டு வந்தாள். மாமியாருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை பிம்பம் போட்டிருக்காங்க?"

"ரெண்டு அத்தை."

"ரெண்டுதானா? உன் எதிர் சீட்டுத் தட்டச்சுக்காரிக்கு?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். தட்டச்சுக்காரிக்கு மூன்று. புருஷன் சிரிப்பு மூட்டப் பார்த்தான், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை கவுண்டர் திறக்க வெகுநேரம் ஆயிற்று. வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழந்து, சாவி வைத்திருக்கும் அம்மா எங்கே என்று சத்தம் போட்டார்கள். அந்த அம்மா வரிசையில் முதல் ஆளாக, கையில் மனுவோடு நின்றுகொண்டிருந்தாள்.